பிராக்டிகல் தியாலஜில டாக்டரேட், இன்றைய சபைகளை பத்தின ஆராய்ச்சி: இந்தப் பக்கம் வரலாமா?

கேள்வி கேட்ட தம்பி பி.டி. (இறையியல் இளங்கலை) முடிச்சுட்டு ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்துல, அதாவது ஒரு குரு பொறுப்புல இருக்கற சபை வட்டாரத்துல, ஊழியம் பாத்துட்டு இருக்கார். பிராக்டிகல் தியாலஜில, அதாவது சபையோட வாழ்க்கையையும் ஊழியத்தையும் இறையியலா யோசிக்கற நடைமுறை இறையியல்ல, ஆராய்ச்சி பண்ணணும், இப்ப இருக்கற சபைகளை பத்தி எழுதணும்னு ஆசை, ஆனா கூட இருக்கறவங்க எல்லாம் "அது பிரசங்கம் பண்ணவும் ஆராதனை நடத்தவும் சொல்லிக் குடுக்கற பேப்பர்தானே, அதுல என்ன டாக்டரேட், பழைய ஏற்பாடு எடு, இல்ல சிஸ்டமேட்டிக் (கோட்பாட்டு இறையியல்) எடு"ன்னு சொல்றாங்களாம், இதுல எதிர்காலம் இருக்கா, எப்படி ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருக்கார். நான் ரொம்ப நாளா இந்தத் துறையிலதான் பாடம் எடுக்கறேன், தீசிஸ் கைடு பண்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மொதல்ல பதில்: துறைக்கு எதிர்காலம் நிச்சயமா இருக்கு, ஆனா வேலை இடம் கம்மி. ரெண்டும் உண்மை. ஒண்ண மட்டும் சொல்லி உங்கள அனுப்ப எனக்கு மனசு வரல.

"பிரசங்கம் சொல்லிக் குடுக்கற பேப்பர்"ங்கற பேச்சு எங்க இருந்து வந்துச்சுன்னா, ஜெர்மன் இறையியலாளர் ஷ்லையர்மாகர் 1811ல, பெர்லின் பல்கலைக்கழகம் ஆரம்பிச்ச அடுத்த வருஷமே, இறையியல் படிப்பு எப்படி அமையணும்னு ஒரு சின்ன புத்தகம் போட்டார், அதுல தத்துவ இறையியல வேர்னும் வரலாற்று இறையியல அடிமரம்னும் நடைமுறை இறையியல மரத்தோட மகுடம்னும் வச்சார். மகுடம்னு பேர் வச்சாச்சே தவிர, பின்னால செமினரிகள்ல (குருமாருக்கான இறையியல் கல்லூரிகள்ல) நடந்தது வேற, மத்தவங்க கண்டுபிடிக்கற உண்மைய எடுத்துட்டு போயி சபைல பயன்படுத்தறதுக்கு பயிற்சி குடுக்கற இடமா இத ஆக்கிட்டாங்க. நம்ம ஊர்லயும் அதே கதைதான். இந்த நிலைமைய உடைச்சது 1980, 90கள்ல வந்த ஆளுங்க. சிகாகோவுல டான் பிரவுனிங், ஒரு கறுப்பின பெந்தெகொஸ்தே சபை உட்பட மூணு சபைகள நேர்ல போயி பாத்து அதுல இருந்து இறையியல் பேசி 1991ல புத்தகம் போட்டார். நெதர்லாந்துல நைமேகன்ல வான் டெர் வென், சமூக அறிவியல் முறைகள இறையியலுக்குள்ளயே கொண்டுவரணும்னு எம்பிரிக்கல் தியாலஜிய கட்டினார், அந்தத் துறைக்குன்னு 1988ல ஒரு ஜர்னலே ஆரம்பிச்சது. நிக்கலஸ் ஹீலி 2000ல ஒரு முக்கியமான குற்றச்சாட்டு வச்சார், சபையியல், அதாவது சபைன்னா என்னங்கற இறையியல், எழுதறவங்க எல்லாம் சபை எப்படி இருக்கணும்னு வீட்டு பிளான் மாதிரி வரைஞ்சு வச்சுட்டு, அந்த வீட்டுல இப்ப யார் குடியிருக்கா, கூரை எங்க ஒழுகுதுன்னு பாக்கறதே இல்லன்னு. அங்கிருந்துதான் இறையியல் படிச்சவங்க நோட்டுப் புத்தகத்தோட சபைக்குள்ள போயி உக்காந்து கவனிக்கற வேலை சூடு பிடிச்சது, பீட் வார்ட் மாதிரி ஆளுங்க லண்டன், டர்ஹாம், ஆஸ்லோன்னு அத ஒரு வலையாவே பின்னிட்டாங்க, 2014ல இருந்து இதுக்குன்னே ஒரு ஜர்னலும் இருக்கு.

முறைகள் பல இருக்கு. பிரின்ஸ்டன்ல ஆஸ்மர் 2008ல சொன்ன நாலு கேள்விய நிறைய செமினரிகள் பாடமா வச்சிருக்கு: என்ன நடக்குது, ஏன் நடக்குது, என்ன நடக்கணும், நாம என்ன செய்யலாம். நல்ல கேள்விகள்தான், ஆனா எம்.டிஎச். (இறையியல் முதுகலை) தீசிஸ் எழுதறவங்க நாலு அத்தியாயத்துக்கு நாலு தலைப்பா இத போட்டுட்டு நிம்மதியாயிடறாங்க, எனக்கு அது பிடிக்கறதில்ல. எனக்கு ரொம்ப உபயோகமா இருந்தது இன்னொண்ணு. இங்கிலாந்துல ஹெலன் கேமரன், கிளேர் வாட்கின்ஸ் முதலான ஒரு குழு 2010ல எழுதின புத்தகத்துல வர்ற நாலு குரல். வேதம், விசுவாசப் பிரமாணம், சபையோட அதிகாரப்பூர்வ போதனை ஒரு குரல். இறையியல் அறிஞர்கள் எழுதறது ஒரு குரல். ஜனங்க தாங்கள் நம்பறதா வாயால சொல்றது ஒரு குரல். அவங்க செய்யற செயல்ல ஒளிஞ்சிருக்கற நம்பிக்கை நாலாவது குரல்.

இத உங்க ஊர்ப் பக்கத்து உதாரணத்தோடவே சொல்றேன். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் சபைகள்ல அசனம் நடக்கும்ல, ஊரே உக்காந்து கறிச்சோறு சாப்பிடற நாள். அதுக்கு வேத ஆதாரம் கேட்டா 1 கொரிந்தியர் 11ஐ எடுத்துக் காட்டுவாங்க, இருக்கறவன் முந்தி சாப்பிட இல்லாதவன் பசியோட நிக்கக் கூடாதுன்னு பவுல் கடிஞ்சுக்கிட்ட பகுதி. அது முதல் குரல். அறிஞர்கள் கிட்ட போனா ஐக்கியம், நற்கருணை, பந்தின்னு பக்கம் பக்கமா இருக்கு. சபை மூப்பர் ஒருத்தர கேட்டா "எல்லாரும் ஒரே பந்தி சார், இங்க பணக்காரன் ஏழைங்கற வித்தியாசமே கிடையாது"ம்பார், மனசாரதான் சொல்வார், பொய் சொல்லல. இப்ப நீங்க அதிகாலையிலயே அங்க போயி நில்லுங்க. வெங்காயம் உரிக்கறது யாரு, அடுப்புல நிக்கறது யாரு, வாளியத் தூக்கிட்டு பரிமாறப் போறது யாரு, எந்தத் தெருக்காரங்க முதல் பந்தில உக்காறாங்க, எந்தத் தெருக்காரங்க கடைசி வரைக்கும் வேப்பமரத்தடில நிக்கறாங்க, யார் வீட்டுக்கு தூக்குவாளில சாப்பாடு போகுது, அப்படிப் போறது மரியாதையா இல்ல அவங்க வந்து பந்தில உக்காரலங்கறத மூடி மறைக்கறதா, ஊர்ல இருக்கற இந்துக் குடும்பங்கள கூப்பிட்டாங்களா, வந்தவங்க எங்க உக்காந்தாங்க. இதையெல்லாம் எழுதிட்டு வந்தா நாலாவது குரல் கேக்கும். சில ஊர்ல அது மூப்பர் சொன்னதுக்கு நேர் எதிரா இருக்கும். சில ஊர்ல மூப்பர் சொன்னதவிட ஆழமா இருக்கும், யாருமே பிரசங்கத்துல சொல்லாத ஒரு கிருபை அந்த சமையல்கட்டுல நடந்துட்டு இருக்கும், அதையும் பாக்கத் தெரியணும். சபைய மாட்டிவிடப் போறேன்னு போறவனும் சரி, சபைய தூக்கிப் பிடிக்கப் போறேன்னு போறவனும் சரி, ரெண்டு பேரும் பாதிய தவற விட்டுடுவாங்க.

என்னைக் கேட்டா துறையோட உயிரே இங்கதான் இருக்கு. இந்த நாலு குரலும் எங்க ஒத்துப்போகுது, எங்க முட்டுதுன்னு கேட்டு, அந்த முட்டற இடத்துல நின்னு தேவன பத்தி என்ன சொல்ல முடியும்னு யோசிக்கறது. வெறும் சமூகவியல் இந்தக் கடைசி கேள்விக்கு வராது, வெறும் சிஸ்டமேட்டிக் தியாலஜி முதல் வேலைய செய்யாது.

இது ஏதோ வெள்ளைக்காரங்க துறை, நமக்கு என்ன சம்பந்தம்னு நினைக்காதீங்க. எடின்பரோவுல 1978ல இருந்து கிறிஸ்தவ நெறியியலுக்கும் பிராக்டிகல் தியாலஜிக்கும் பேராசிரியரா இருந்த டங்கன் ஃபாரஸ்டர் அதுக்கு முன்னாடி எங்க இருந்தார் தெரியுமா? 1962ல இருந்து 70 வரைக்கும் தாம்பரத்துல, மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல அரசியல் பாடம் எடுத்துட்டு இருந்தார், சிஎஸ்ஐ சபை குருவும் கூட. மிஷனரிகள் ஜாதிய எப்படி எதிர்கொண்டாங்கன்னு 1980ல அவர் எழுதின புத்தகம் இன்னைக்கும் யாரும் தாண்டிப் போக முடியாத புத்தகம். 1984ல எடின்பரோவுல இறையியலும் பொதுப் பிரச்சனைகளும்னு ஒரு மையம் ஆரம்பிச்சு, வறுமை, சிறைச்சாலை மாதிரி விஷயங்கள்ல அதிகாரிகளையும் பாதிக்கப்பட்டவங்களையும் ஒரே மேசைல உக்கார வச்சார். பின்னால சமத்துவத்த பத்தி எழுதின புத்தகத்துலயும் மெட்ராஸ்ல தனக்குத் தெரிஞ்ச ஒரு தொழுநோயாளிய முன்னால நிறுத்தித்தான் பேசறார். பிரிட்டன்ல இந்தத் துறை ஏழைகள பத்தி பேசக் கத்துக்கிட்டதுல தாம்பரத்துக்கு ஒரு பங்கு இருக்கு, இத நம்ம பிள்ளைகளுக்கு யாரும் சொல்றதில்லங்கறது எனக்கு பெரிய வருத்தம்.

பிரிட்டன்ல இருந்து மிஷனரியா வந்த லெஸ்லி நியூபிகின் விஷயமும் அதே மாதிரி. 1947ல சிஎஸ்ஐ உருவானப்ப 37 வயசுல மதுரை ராமநாதபுரம் பேராயர் ஆனவர், பின்னால மெட்ராஸ் பேராயர், 1974ல மனைவியோட ரெண்டு சூட்கேஸும் ஒரு ரக்சாக்குமா தரைவழியா பஸ் பஸ்ஸா மாறி இங்கிலாந்து திரும்பினார். பர்மிங்ஹாம்ல பாடம் எடுத்தார், அப்புறம் வின்சன் கிரீன்ல ஜெயிலுக்கு எதிர்ல இருந்த, மூடிடலாம்னு நினைச்ச ஒரு சின்ன சபைக்கு பாஸ்டரா போனார். மிஷன் களம்னா அது வெளிநாடுன்னு நினைச்சிட்டு இருந்த மேற்கத்திய சபைய பாத்து, நீங்களே இப்ப மிஷன் களம்தான்னு சொன்னார். உள்ளூர் சபை வாழற வாழ்க்கைதான் சுவிசேஷத்துக்கு விளக்கவுரைன்னு 1989ல எழுதினார். அமெரிக்காவுல 1998க்கு அப்புறம் மிஷனல் சர்ச்னு (சபையே மிஷனுக்காக அனுப்பப்பட்டதுங்கற கருத்து) கிளம்பின பேச்சு, இங்கிலாந்துல ஆங்கிலிக்கன் சபையோட 2004 அறிக்கைக்கு அப்புறம் கஃபேலயும் ஸ்கூல் ஹால்லயும் புதுசு புதுசா சபை ஆரம்பிச்சது, இதுக்கெல்லாம் பின்னால நியூபிகினோட சிந்தனை ஓடுது. அந்த புது சபைகள எண்ணறதுக்கும் அதுல யார் வர்றாங்கன்னு விசாரிக்கறதுக்கும்னே சர்ச் ஆர்மி அமைப்பு ஷெஃபீல்டுல ஆராய்ச்சிப் பிரிவு நடத்துச்சு.

எண்ணறதுன்னதும் சொல்லிடறேன், சபை ஆராய்ச்சில அந்தப் பக்கமும் பெருசு. ஜெர்மன் இவாஞ்சலிக்கல் (புராட்டஸ்டன்ட்) சபை 1972ல இருந்து பத்து வருஷத்துக்கு ஒருதரம் தன் அங்கத்தினர்கள்கிட்ட பெரிய சர்வே எடுக்குது, 2023ல வெளியான ஆறாவது சர்வேல முதல்தடவையா கத்தோலிக்க சபையும் சேந்துக்கிச்சு. லண்டன்ல ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு ஒண்ணு சதர்க்னு ஒரே ஒரு பரோவுல (நகராட்சிப் பகுதில) கறுப்பின மக்கள் பெரும்பான்மையா இருக்கற புது சபைகள தேடிக் கண்டுபிடிச்சு எண்ணினப்ப 240 வந்துச்சு, 2013ல அறிக்கை போட்டாங்க. இறையியல் புத்தகங்கள்ல பெரும்பாலும் வராத சபைகள், குடோன்லயும் தொழிற்பேட்டைலயும் கடை மாடிலயும் கூடறவங்க, அவங்களுக்கு கவுன்சில்ல கட்டட அனுமதி கிடைக்கறதே பெரும்பாடு. அந்த ஆராய்ச்சியால பிளானிங் அதிகாரிங்களும் பாஸ்டர்மாரும் உக்காந்து பேச வழி பொறந்துச்சு. சென்னையில மாடி ரூம்லயும் கல்யாண மண்டபத்துலயும் கூடற சபைகள இப்படி ஒரு வார்டு எடுத்து யாராவது எண்ணினா எப்படி இருக்கும்னு நான் அடிக்கடி நினைக்கறதுண்டு.

ஏன்னா நம்ம சபைகள பத்தி நல்லா எழுதினவங்கள்ல நிறைய பேர் வெளியில இருந்து வந்தவங்க. மெட்ராஸ் கிறிஸ்தவர்கள பத்தி லயனல் கேப்லன் 1987ல எழுதினார், ஞானஸ்நானம் வாங்காமலே இயேசுவ கும்பிடற மெட்ராஸ்காரங்கள பத்தி ஹெர்பர்ட் ஹோஃபர் 1991ல, தென்னிந்திய பெந்தெகொஸ்தே வரலாற்ற மைக்கேல் பெர்குண்டர் ஜெர்மன்ல எழுதி 2008ல இங்கிலீஷ்ல வந்துச்சு, ராமநாதபுரத்துப் பக்கம் ஒரு கத்தோலிக்க கிராமத்த டேவிட் மோஸ் 2012ல, சென்னை சேரியில பெந்தெகொஸ்தே பெண்கள நதானியல் ராபர்ட்ஸ் 2016ல. அருமையான உழைப்பு, எல்லாத்தையும் படிங்க. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரில பரட்டைன்னு எல்லாரும் கூப்பிட்ட தியோபிலஸ் அப்பாவு, பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள்ள கொண்டுவந்து, ஒரே உலைல பொங்கி எல்லாரும் சாப்பிடறதுதான் நற்கருணைங்கற மாதிரி பாட்டு கட்டினாரே, அதவிட பெரிய பிராக்டிகல் தியாலஜி எது? அவரோட பாட்டுகள பத்தி முழுப் புத்தகம் 2014ல எழுதினது ஜோயி ஷெரினியன், அமெரிக்க இசை ஆய்வாளர். இவங்கள்ல பல பேர் மானுடவியல், இசைத் துறை ஆளுங்க. சபைக்குள்ள இருந்துக்கிட்டே, விசுவாசத்தோட, அதே கவனத்தோட எழுதற ஆளு வேணும். உங்கள மாதிரி ஊழியத்துல இருந்து வர்றவங்களுக்கு அதுக்கான இடம் திறந்தே கிடக்கு.

உள்ள இருந்து எழுதறதுல ஒரு கஷ்டம் இருக்கு, அத முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. நீங்க ஐயர், சபைல குருவ அப்படித்தானே கூப்பிடறோம். ஐயர் போயி ரெக்கார்டர வச்சுக்கிட்டு "ஜெபம் உங்க வாழ்க்கையில எவ்வளவு முக்கியம்மா"ன்னு கேட்டா எந்த அம்மா "பெருசா ஒண்ணும் இல்ல ஐயா"ன்னு சொல்லும்? ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நீங்க சொன்னதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லுவாங்க. அதனால முடிஞ்சவரைக்கும் உங்க சொந்த சேகரத்துல பேட்டி எடுக்காதீங்க, பக்கத்துச் சேகரம் போங்க, கேள்வியவும் மாத்துங்க, "போன வாரம் யாருக்காக ஜெபம் பண்ணீங்க, எங்க உக்காந்து, அப்ப வீட்டுல யார் இருந்தா"ன்னு கேளுங்க, அப்ப கதை வரும். இன்னொண்ணு, பாஸ்டர் சரின்னு சொல்லிட்டா சபையே சரின்னு சொன்னதா அர்த்தம் ஆகாது, ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா சம்மதம் வாங்கணும், பாதியில வேணாம்னா விட்டுடணும். பேர மாத்திட்டா போதும்னும் நினைக்காதீங்க, சின்ன சேகரத்துல "பொருளாளர்"னு எழுதினாலே யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். நம்ம திருமண்டலங்கள்ல (ஒரு பேராயர் பொறுப்புல இருக்கற சபை மாவட்டங்கள்ல) தேர்தலும் சொத்து வழக்கும் எப்படி ஓடுதுன்னு உங்களுக்கே தெரியும், சந்தா பாக்கி வச்சிருக்கறதால ஓட்டு போச்சுன்னு ஒருத்தர் உங்ககிட்ட அழுதத நீங்க எழுதி, அது ஒரு கோஷ்டி கைல ஆயுதமா போனா அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது? பேட்டிய எழுத்தாக்கறதும் பெரிய வேலை, ஒரு மணி நேரப் பேச்ச அட்சரம் விடாம எழுத அஞ்சாறு மணி நேரம் ஆகும், அத வேற ஆள்கிட்ட குடுக்காதீங்க, அந்த எழுதற நேரத்துலதான் அவங்க எங்க தயங்கினாங்க, எங்க குரல் மாறுச்சுன்னு உங்களுக்குப் புரியும்.

சரி, வழி என்னன்னா, நீங்க செராம்பூர் (இறையியல் கல்லூரிகளுக்குப் பட்டம் குடுக்கற அமைப்பு) பி.டி.ங்கறதால அடுத்து எம்.டிஎச். ரெண்டு வருஷம், அதுக்கப்புறம் செராம்பூர் செனட் மூலமாவே டாக்டரேட். மதுரை, பெங்களூர் யுடிசி, சென்னை குருகுல்னு இறையியல் கல்லூரிகள் இருக்கு. பிரிவுகள்ல பாஸ்டரல் கவுன்சலிங், மிஷன், கம்யூனிகேஷன், ஊழியம் சம்பந்தப்பட்டதுன்னு எது எந்தக் கல்லூரில அந்த வருஷம் ஓடுதுன்னு நேர்ல கேட்டுக்கோங்க, பிரிவோட பேரவிட கைடு பண்றவர் களஆய்வு செஞ்சவரான்னு பாக்கறதுதான் முக்கியம். சபை சாரா வேலைக்கும் யோசனை இருந்தா, அந்தப் பட்டத்துக்கு யூஜிசி அங்கீகாரம் எப்படின்னு சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க, சேந்த பிறகு கேட்டு பிரயோஜனம் இல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்துலயும் கிறிஸ்தவ இயல் துறை இருக்கு, அதையும் பாருங்க.

வெளிநாடுன்னா பிரிட்டன்ல டர்ஹாம், அபர்டீன், எடின்பரோ, பர்மிங்ஹாம், ஆஸ்லோல எம்எஃப்ங்கற இறையியல் கல்வி நிறுவனம், தென்னாப்பிரிக்காவுல ஸ்டெலன்பாஷ். ஊழியத்துல இருந்துக்கிட்டே பகுதிநேரமா செய்யற தொழில்முறை டாக்டரேட்டும் பிரிட்டன்ல பல பல்கலைக்கழகங்கள் சேந்து நடத்திட்டு வந்திருக்கு, சொந்த ஊழியத்தையே ஆய்வுப்பொருளா எடுக்கற அமைப்பு அது. பணம்தான் பெரிய தடை. லாங்ஹாம் மாதிரி ஸ்காலர்ஷிப் ஆசியா ஆப்பிரிக்கால இருந்து வர்றவங்களுக்கு குடுக்கறாங்க, படிச்சு முடிச்சுட்டு சொந்த நாட்டுக்குத் திரும்பணுங்கறதுதான் அதோட நோக்கமே, அத மனசுல வச்சுத்தான் விண்ணப்பிக்கணும்.

வேலைன்னு வரும்போது நிலவரம் கடினம். மேல சொன்ன நாலு குரல் யோசனைய வளத்த குழுவுல சிலர் இருந்தது லண்டன் ஹைத்ராப் கல்லூரில, 1614ல ஜெசுவிட்கள் ஆரம்பிச்ச கல்லூரி, 2018-19லயே மூடிட்டாங்க. நானூறு வருஷ கல்லூரிக்கே அந்த கதின்னா, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல ஊர் ஊரா மாறிட்டு இருக்கற இளம் ஆய்வாளர்கள் நிலைமைய யோசிச்சுக்கோங்க. இந்தியாவுல செமினரில இடம் வந்தா சம்பளம் சுமார்தான், பல நேரம் திருமண்டலம் உங்கள விடுவிச்சு அனுப்பினாத்தான் போகவே முடியும், திரும்பி வந்தா எந்தச் சேகரத்துல போடுவாங்கங்கறதும் உங்க கைல இல்ல. குடும்பத்தோட உக்காந்து இத பேசிட்டு இறங்குங்க. ஆனா இந்தத் துறைல மட்டும் ஒரு விசேஷம், முன்னாடி பாத்த வேலை வீணாப் போகாது. அபர்டீன்ல பேராசிரியரா இருக்கற ஜான் ஸ்வின்டன் பல வருஷம் மனநல நர்ஸா வேலை பாத்து, அப்புறம் ஆஸ்பத்திரி சாப்ளின் (நோயாளிகளுக்கு ஊழியம் செய்யற குரு) ஆகி, அதுக்கப்புறம்தான் கல்விக்குள்ள வந்தார். மறதி நோய் வந்தவங்கள பத்தி அவர் 2012ல எழுதின புத்தகம், தன் பேரே மறந்துபோனவங்கள தேவன் மறக்கறதில்லங்கறத அவ்வளவு நிதானமா சொல்லுது, 2016ல இறையியல் புத்தகங்களுக்கான மைக்கேல் ராம்சி பரிசு வாங்கிச்சு. வார்டுல நின்ன ஆளால மட்டும்தான் அத எழுத முடியும். நீங்க பாத்த கல்லறை தகராறு, முழு இரவு ஜெபம், ஆஸ்பத்திரி விசிட் எல்லாமே உங்க மூலதனம்.

இப்பவே ஆரம்பிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஒரு நோட்டு வாங்குங்க, ஒவ்வொரு ஞாயிறும் ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் எழுதுங்க, பிரசங்கத்த பத்தி வேணாம், சாட்சி சொல்ல எந்திரிச்சது யாரு, மைக் யார் கைல இருந்துச்சு, காணிக்கை எடுக்கறப்ப பாடினது எந்தப் பாட்டு, ஆராதனை முடிஞ்சு வெளிய செருப்பு போடற இடத்துல என்ன பேசிக்கிட்டாங்க. கருத்து சொல்லாம, பாத்தத மட்டும். ஆறு மாசம் போனா உங்க கேள்வி அதுல இருந்தே தலைகாட்டும், அந்தக் கேள்வி "இன்றைய சபையின் சவால்கள்" மாதிரி பரந்து கிடக்காது, "எங்க சேகரத்துல வாலிபப் பசங்க காலைல சிஎஸ்ஐ ஆராதனைக்கும் சாயங்காலம் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்கும் ஏன் போறாங்க, ரெண்டு இடத்துலயும் என்ன தேடறாங்க" மாதிரி கைல பிடிக்கற அளவுல இருக்கும்.

அந்தக் கேள்விய ரெண்டு பக்கத்துல எழுதி, எந்தச் சபை, உள்ள போக அனுமதி இருக்கா, யார் யார பேட்டி எடுப்பீங்க, இதுவரைக்கும் இத பத்தி யார் எழுதியிருக்காங்கன்னு சேத்து, நோட்டுல இருந்து ஒரு பக்கத்த இங்கிலீஷ்ல மாத்தி அதோட வச்சு கைடுக்கு மெயில் போடுங்க. பொதுவா "உங்க கீழ ஆராய்ச்சி பண்ண ஆசைப்படறேன்"னு வர்ற மெயிலுக்கு யாரும் பதில் போடறதில்ல, அந்த ஒரு பக்கக் குறிப்பு இருந்தா படிப்பாங்க, நானே அப்படித்தான். அவங்க எழுதின கட்டுரை ஒண்ணயாவது படிச்சுட்டு அதுல எந்த இடம் உங்க கேள்வியோட சேருதுன்னு ஒரு வரி எழுதுங்க. ரெண்டு மூணு வாரத்துல பதில் வரலன்னா ஒருதரம் நினைவுபடுத்துங்க, அப்பவும் வரலன்னா அடுத்த பேருக்கு அனுப்புங்க.